அம்மா கூட்டிச் சொன்ன ரெண்டு வயசு

நம்ம வயசுக்காரர்கள் நாலு பேர் கூடிவிட்டால் முதலில் முழங்கால் வலி, அடுத்து சர்க்கரை, அதற்கடுத்து வயசு. "ஒனக்கு இப்ப எத்தன நடக்குது?" என்று கேட்பீர்கள். நீங்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவீர்கள். என்னிடம் ரெண்டு பதில் இருக்கிறது. ஒன்று கடதாசியில் எழுதியிருக்கிற வயசு. இன்னொன்று நான் பிறந்து வளர்ந்த வயசு. கடதாசி வயசு ரெண்டு வருஷம் கூட. இதுவரைக்கும் உங்கள் யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. போன மாசம் எஸ்டேட் ஆபீசில் ஒரு காரியம் நடந்தது. அதற்குப் பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதற்கு முன்னால் நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த அந்த ஐப்பசி மழையைச் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தானே. அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. "மலதான் மாறுச்சி, கொழுந்துக் கூட மாறல" என்பாள் அம்மா. கோத்தகிரிக்குப் போகிற பஸ்ஸிலிருந்து வழியில் இறங்கி, கற்பூர மரக் காட்டைத் தாண்டி உள்ளே நடக்க வேண்டிய எஸ்டேட். வரிசையாகக் கட்டின லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா கொடுத்தார்கள். ஒரே அறை. முன்னால் சாய்ப்பு இறக்கி அதில் அடுப்பு. கப்பலில் எங்களோடு வந்த பச்சைத் தகரப் பெட்டி ஒன்று மூலையில் இருக்கும். மூடியில் வெள்ளை பெயிண்டில் ஏதோ நம்பர் போட்டிருந்தார்கள். அதன் மேல் உட்கார்ந்துதான் நான் ரொட்டியும் சம்பலும் சாப்பிடுவேன். இங்கே தேங்காய் விலைக்குச் சம்பலில் மிளகாய்தான் அதிகம், தேங்காய் கண்ணில் படாது. அந்தப் பெட்டி எப்போது, எங்கே போனதென்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

காம்பராவுக்கு ஒரு சட்டம் உண்டு. அந்த வீட்டிலிருந்து ரெண்டு பேர் வேலைக்கு வர வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா. ஆனால் அப்பாவுக்கு நெஞ்சு சரியில்லை. சிலோனிலேயே இருமிக்கொண்டிருந்தவர், நீலகிரிக் குளிருக்கு இன்னும் மோசமானார். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் அப்பா இருமலை அடக்கிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, கங்காணி தாண்டிப் போகும்வரை அடக்குவார். அவர் நகர்ந்ததும் குனிந்து இருமுவார்.

அப்பாவின் பெயரை வேலையிலிருந்து சீக்கிரமே அடித்துவிடுவார்கள் என்ற பயம் அம்மாவுக்குக் கப்பல் ஏறும் முன்பே வந்துவிட்டது. இந்தியாவுக்குப் போகிறவர்களுக்குக் கடதாசி எழுதுகிற இடத்தில் வரிசையில் நின்ற யாரோ ஒருத்தி, "பொம்பளப் புள்ளைக்கு ரெண்டு வயசு கூட்டிச் சொல்லு. அங்க போனா வெள்ளன பேர் விழும்" என்று காதில் போட்டிருக்கிறாள். பேர் விழுவது என்றால் எஸ்டேட் வேலையில் சேர்வது. ஆறு வயசுப் பிள்ளையான என்னை எட்டு என்று அம்மா சொல்லிவிட்டாள். எழுதினவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லையாம்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த கதை. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: நான் எட்டு வயசுப் பிள்ளை. எட்டு வயசு என்றால் மூணாப்பு. அதுவரை பள்ளிக்கூட வாசலையே பார்த்திராத என்னைக் கொண்டுபோய் நேராக மூணாப்பில் உட்கார வைத்தார்கள்.

அது ஒரே கூடம். தகரக் கூரை. ஒன்றிலிருந்து மூன்று வரைக்கும் ஒரு பக்கம், நாலும் அஞ்சும் இன்னொரு பக்கம். நடுவில் தேயிலைப் பெட்டிப் பலகையை அடித்து ஒரு தட்டி. பலகையில் ஃபாக்டரிக்காரர்கள் குத்திய கறுப்பு எழுத்துகள் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் கிடக்கும். மழை பெய்தால் வாத்தியார் சொல்வது கேட்காது. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கரும்பலகைக்கு முன்னால் நிற்கும். ஈரக் கம்பளி வாடையும் சாக்பீஸ் தூளும் கலந்த அந்த மணம் இப்போதும் எங்காவது வந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன்.

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் யாரையும் ஃபெயில் போட மாட்டார்கள். தள்ளித் தள்ளி நானும் அஞ்சாப்புக்கு வந்துவிட்டேன். ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டால் சொல்வேன். ரெண்டு எழுத்து சேர்ந்து வந்தால் சமாளிப்பேன். அஞ்சாப்புப் புத்தகத்தில் படமே இல்லாமல் பக்கம் முழுக்க எழுத்து இருக்கும். அதைத் திறந்தாலே கண் இருட்டும். என் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் என்னைவிட ஒரு தலை உயரம். மூக்குச் சிந்தத் தெரியாத நான் ஒருத்தி, மீசை அரும்பப் போகிறவன்களோடு உட்கார்ந்து வகுத்தல் கணக்குப் போட வேண்டும்!

வாத்தியார் மேட்டுப்பாளையம் பக்கத்துக்காரர். பழுப்பு நிற மஃப்ளர், முழங்கையில் ஒட்டுப் போட்ட ஸ்வெட்டர். அவர் அடித்து நான் பார்த்ததில்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவர் நல்லவர். எனக்குத் தைரியத்தைக் கொடுத்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டார்.

"உனக்குப் படிப்பு வராமயில்ல கண்ணு. பயம். அந்தப் பயம் போகோணும், அம்புட்டுத்தான்" என்றார் ஒருநாள். மூலையிலிருந்து முக்காலியைக் கொண்டுவந்து வகுப்புக்கு முன்னால் போட்டார். தினமும் காலையில் நான் அதில் ஏறி நின்று நாலு வரி சத்தமாகப் படிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் நின்று பழகினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. படித்து முடித்தால் சட்டைப் பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்ட் தருவார். முடிக்காவிட்டாலும் தருவார்.

ஏறி நிற்பேன். முக்காலியின் ஒரு கால் ஆணி கழன்றிருக்கும். ஆடும். முதல் எழுத்து வாயில் வரும், ரெண்டாவது வராது. பின்வரிசையில் யாராவது இருமுவது மாதிரிச் சிரிப்பார்கள். "சிரிக்காதீங்க. அவ சொல்லுவா. நீ சொல்லு கண்ணு" என்பார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு நாக்கு இன்னும் உள்ளே போகும். அப்புறம் பெப்பர்மிண்ட். இன்றுவரை நான் பெப்பர்மிண்ட்டை வாயில் வைத்ததில்லை.

ஒருநாள் முக்காலி மேலேயே ஒன்றுக்குப் போய்விட்டேன். கால் வழியாக இறங்கி, முக்காலியில் வழிந்து, சிமெண்டுத் தரையில் ஓடி முதல் வரிசைப் பையனின் சிலேட்டுவரைக்கும் போனது. வாத்தியார் எல்லோரையும் மழையில் வெளியே துரத்திவிட்டுத் தன் கையாலேயே துடைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் காலையில் அதே முக்காலியைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார். இப்போது விட்டுவிட்டால் பயம் நிலைத்துவிடும் என்றார். அந்த மனுஷனை இப்போது நினைத்தால் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கையில் இருந்தது கடதாசியிலிருந்த வயசு. அதை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்திருக்க முடியும்?

லயத்தில் எனக்கு 'மந்தம்' என்று பெயராகிவிட்டது. "மந்தத்தக் கூப்பிடு, தண்ணி எடுக்க" என்பார்கள். ஒரு பிள்ளைக்கு அப்படி ஒரு பெயர் வைத்துவிட்டால் கை காலுக்கும் அது தெரிந்துவிடும் போலிருக்கிறது. குடத்தைப் போட்டு நசுக்கினேன். கடைக்கு அனுப்பினால் என்ன வாங்க வந்தேன் என்பதை மறந்து நின்றேன். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டேன். அப்பா, "வுடு புள்ள, படிப்பு வராட்டி என்னா, கொழுந்து எடுத்துப் பொழச்சிக்குவ" என்பார். யாராவது என்னை மந்தம் என்றால் அம்மாவின் முகம் கறுத்துவிடும். என்னைப் பெற்றதற்கு வெட்கப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். தட்டியை ஒட்டித்தான் என் இடம். அந்தப் பக்கம் மூணாப்பு. டீச்சர் அங்கே கேட்கிற கேள்வி எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் தெரிந்தது. நாலாம் வாய்ப்பாட்டில் அவர்கள் தடுமாறும்போது நான் உதட்டுக்குள் சொல்லி முடித்திருப்பேன். பலகையில் ஆணி பிடுங்கிய ஓட்டை வழியாகப் பார்த்தால் அவர்கள் புத்தகம் தெரியும். படம் போட்ட பக்கங்கள். அதை நான் தடங்காமல் படிப்பேன். இதில் பெருமைப்பட எனக்குத் தோன்றவே இல்லை. அஞ்சாப்பில் இருந்துகொண்டு மூணாப்புப் பாடம்தான் வருகிறதென்றால் அது எவ்வளவு கேவலம்! யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று உதட்டைக் கையால் மூடிக்கொள்வேன்.

அந்த ஐப்பசியில் சின்னம்மா வந்தாள். அம்மாவின் தங்கை. எங்களுக்குப் பின்னால் ஒரு கப்பலில் வந்து, வந்திறங்கினவர்களை வைக்கிற கேம்பில் கிடந்து, ஒருவழியாக எங்கள் லயத்திலேயே கடைசிக் காம்பராவுக்கு வந்து சேர்ந்தாள். கூடவே அவள் மகள். அந்தப் பிள்ளையை மூணாப்பில் போட்டார்கள். வந்த சில நாளிலேயே டீச்சர் அவளைக் கெட்டிக்காரி என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் மணி மாதிரி வரும். நான் இந்தப் பக்கம் முக்காலி மேல் நிற்பேன்.

தண்ணீர் விழுகிற இடத்தைப் பீலி என்போம், ஞாபகம் இருக்கிறதா? கரையிலிருந்து குழாய் மாதிரி மூங்கிலைச் செருகி வைத்திருப்பார்கள். அங்கேதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரெண்டு பேரையும் குளிப்பாட்டினார்கள். சின்னம்மா என் தலையில் சவுக்காரம் தேய்த்துக்கொண்டே எங்களை முதுகோடு முதுகு நிறுத்திப் பார்த்தாள்.

"பாரேன் அக்கா, எம்புள்ள ஒரு வெரக்கட ஒசந்துட்டா. ஒரே அடமழையில பொறந்ததுக ரெண்டும். ஒனக்கு மொத நாளு, எனக்கு மறுநாளு. மருத்துவச்சிக் கெழவி வூட்டுக்கே போகாம லயத்துலயே கெடந்தாளே!"

அம்மா கையிலிருந்த வாளி கல்லில் இடித்தது. "வாய மூடு" என்றாள்.

"என்னாக்கா, நான் என்னா சொல்லிட்டேன்?"

"வாய மூடுன்னா மூடேன்!"

சவுக்காரம் கண்ணில் எரிய நான் நின்றுகொண்டிருந்தேன். மந்தம்தான், ஆனால் இந்தக் கணக்கு எனக்கு உடனே புரிந்துவிட்டது. அவளும் நானும் ஒரே மழையில் பிறந்தவர்கள். அவள் மூணாப்பு. நான் அஞ்சாப்பு.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். முதலில் ஒரு அறை கொடுத்தாள். அப்புறம் என்னைப் பச்சைப் பெட்டி மேல் உட்கார வைத்து, தலையைத் துவட்டிக்கொண்டே, அடுப்பைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். "அப்பாவோட நெஞ்சுக்காகத்தான்டி. காம்பரா போயிரக் கூடாதேன்னுதான்டி."

நான் அழவில்லை. எழுந்து வெளியே ஓடினேன். மழைத் தூறலில் தேயிலைக்குள் போய் நின்றேன். எனக்கு எட்டு வயசு! பத்து இல்லை, எட்டு! நான் மந்தம் இல்லை! மூணாப்புப் பாடம் எனக்கு எல்லாமே தெரியும், மூணாப்புதான் என் வகுப்பு! அப்படிப் பார்த்தால் சின்னம்மா மகளைவிடக்கூட நான் கெட்டி. அங்கே தனியாக நின்று சிரித்தேன். என் ஆயுசிலேயே அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான் என்று நினைக்கிறேன்.

ஈரமாகத் திரும்பி வந்து, "நாளைக்கு வாத்தியார்கிட்டச் சொல்லுவேன்" என்றேன்.

அம்மா என் ரெண்டு தோளையும் பிடித்தாள். அதற்கு முன் அவள் அப்படிப் பிடித்ததே இல்லை. "சொன்னியோ, அதோட நாம முடிஞ்சோம். கடதாசி பொய்யின்னு தெரிஞ்சா கேம்புக்கே திருப்பி அனுப்பிருவாங்க. அப்பா செத்துருவாரு. சொல்லுவியா?"

மாட்டேன் என்று தலையாட்டினேன்.

இப்போது யோசிக்கிறேன். வாத்தியாரைத் தனியாகப் பார்த்து, சார், இந்த மாதிரி, பிள்ளையை மூணாப்பில் உட்கார வையுங்கள் என்று சொல்லியிருந்தால் அவர் வேறு யாரிடமும் வாயைத் திறந்திருக்க மாட்டார். சிரித்துவிட்டுத் தட்டிக்கு அந்தப் பக்கம் மாற்றியிருப்பார். ஆனால் அம்மாவுக்கு வாத்தியார், எஸ்டேட் ஆபீஸ், கப்பல் ஆபீஸ், கேம்ப் எல்லாமே ஒரே கவர்மெண்ட். ஒரு இடத்தில் சொன்னது எல்லா இடத்துக்கும் போய்விடும் என்று நம்பினாள். சிலோன் பிரஜை என்கிற கடதாசி இல்லாததாலேயே நாடு விட்டு வந்தவள், வேறு எப்படி நினைப்பாள்?

மறுநாளும் முக்காலி வந்தது. நான் மந்தம் இல்லை என்று தெரிந்தபின் அதில் நிற்பது இன்னும் கஷ்டமாக இருந்தது. முன்பெல்லாம், நான் இப்படித்தான் என்று நினைத்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வேன். இப்போது தொண்டை வரைக்கும் ஒரு வார்த்தை வந்து நிற்கும். அதை விழுங்குவதற்குள் படிக்க வேண்டிய நாலு வரியும் போய்விடும். தட்டிக்கு அந்தப் பக்கம் சின்னம்மா மகள் என் இடத்தில் உட்கார்ந்து என் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பாவம், அவள் என்ன செய்தாள்?

கார்த்திகை பிறந்தபோது வாத்தியார் அம்மாவை வரச் சொன்னார்.

அம்மா கொழுந்து எடுக்கிற இடத்திலிருந்து நேராக வந்தாள். இடுப்பில் மழைக்குக் கட்டின படங்குச் சாக்கு, தலையோடு போர்த்திய கம்பளிக் கொங்காடி, அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கை விரலெல்லாம் கறை. உள்ளே வராமல் வாசல்படிக்கு வெளியேயே நின்றாள். வாத்தியார் என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ரெண்டு வகுப்புப் பிள்ளைகளும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்ள வாங்கம்மா, நனையறீங்க" என்றார்.

"இருக்கட்டுங்க சார்."

"ஏனுங்கம்மா, நானும் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேனுங்க. புள்ளைக்கு எதுவும் ஏறமாட்டேங்குது. கைக்குழந்தையில காய்ச்சல் கீய்ச்சல் கண்டு வலிப்பு வந்துச்சுங்களா?"

"இல்லீங்க சார்."

வாத்தியார் என் தலையில் கை வைத்தார். என் தலை அவர் இடுப்புக்குத்தான் வந்தது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "பத்து வயசுன்னு போட்டிருக்குது. பாத்தா அப்படித் தெரியலீங்களே. வயசு சரிதானுங்களா?"

கேட்டுவிட்டார்! அவராகவே கேட்டுவிட்டார். நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் அம்மாவைப் பார்த்தேன். கொங்காடிக்குள் அவள் முகம் வெளுத்திருந்தது. அவளும் என்னைப் பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

"சரிதாங்க சார். பத்துதாங்க" என்றாள் அம்மா. "அவ பொறப்புலேருந்தே மந்தங்க. மண்டையில ஒண்ணும் ஏறாதுங்க. நீங்க மெனக்கெடாதீங்க சார்."

கூடம் முழுக்கக் கேட்டது. தட்டிக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். வாத்தியார் கையை என் தலையிலிருந்து எடுத்துக்கொண்டார். "அப்பப் பாத்துக்கோங்கம்மா. வற்புறுத்தி ஒண்ணும் ஆகாதுங்க" என்று மெதுவாகச் சொன்னார். பையிலிருந்து பெப்பர்மிண்ட் எடுத்து என் கையில் வைத்து மூடினார்.

திரும்பி வருகிற வழியில் அம்மா என்னைக் கொங்காடிக்குள் இழுத்துக்கொண்டாள். ஒரே கம்பளிக்குள் ரெண்டு பேர் நடந்தால் கால் தட்டும். தட்டித் தட்டியே நடந்தோம். ஃபாக்டரிக்குத் திரும்புகிற மேட்டில், தேயிலைக்கு நடுவில், அவள் நின்றாள்.

"மூணாப்புல என்னா படிக்கிறாங்க?"

நான் கம்பளி நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லுடி. ஒனக்குத் தெரியும்ல. சொல்லு."

வேறு வழி தெரியாமல் நாலாம் வாய்ப்பாட்டைச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் அம்மா "சரி" என்றாள். அஞ்சாம் வாய்ப்பாடு சொன்னேன். "சரி" என்றாள். தட்டி வழியாகக் கேட்டுப் பாடமாகியிருந்த பாட்டைச் சொன்னேன். "சரி. சரி." மழை கம்பளி மேல் விழுகிற சத்தத்துக்கு நடுவில் நான் அழுதுகொண்டே சொன்னேன், தடங்கவே இல்லை. அம்மாவுக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது. நான் சொன்னது சரியா தப்பா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கு அது அப்போதே தெரிந்திருந்தது. இருந்தாலும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லி முடித்தபின், "யாருகிட்டயும் சொல்லாத" என்றாள்.

அதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கடதாசியில் பதினெட்டு ஆனதும் எனக்குப் பேர் விழுந்தது. அதே வருஷம் அப்பா போய்விட்டார். அவர் பெயர் போன இடத்தில் என் பெயர் நின்றது, காம்பரா தங்கியது. அம்மா போட்ட கணக்கில் அந்த வகையில் ஒரு தப்பும் இல்லை. அவள் கூட்டிச் சொல்லாவிட்டால் அந்த வருஷமே நாங்கள் தெருவில் நின்றிருப்போம். அதனால்தான் அவள் மேல் முழுசாகக் கோபப்படவும் எனக்கு வாய்க்கவில்லை. சின்னம்மா மகள் படித்து முடித்து கோயம்புத்தூரில் நர்ஸாகி, வீடு கட்டி, இப்போது பேரன் எடுத்துவிட்டாள்.

உண்மை தெரிந்துவிட்டதே, அப்புறம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்குள் எனக்குத் தெரிந்தால் போதாதா என்று. போதவில்லை. ஒருத்திக்கு அவள் நல்ல புத்தியுள்ளவள் என்பதை நாலு பேர் காதில் விழும்படி யாராவது ஒருதரம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு நாலு பேர் முன்னால் சொன்னது வேறு. மீட்டிங்கில் எழுந்து ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆபீசில் சூப்பர்வைசர் வேலை தருகிறோம் என்றபோது, எனக்கு எதுக்குங்க என்று சொல்லிவிட்டேன். கொழுந்து நிறுக்கையில் தப்பாக நிறுத்தால் என் கணக்குச் சரி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் வராது. என் மகன் பள்ளிக்கூடத்தில் வரச் சொன்னபோது நானும் வாசல்படிக்கு வெளியேதான் நின்றேன். "உள்ள வாங்கம்மா" என்றார்கள். "இருக்கட்டுங்க" என்றேன்.

போன மாசம் ஆபீசில் கூப்பிட்டு, எனக்கு ரிட்டையர்மெண்ட் வயசு வந்துவிட்டது, காம்பராவைக் காலி பண்ண வேண்டும் என்றார்கள். மகன் திருப்பூரில் ஒரு ரூமில் நாலு பேரோடு இருக்கிறான். எழுபதைத் தாண்டிய அம்மாவை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது? இன்னும் ரெண்டு வருஷம் வேலை இருந்தால் மகனும் ஒரு வீடு பார்த்துவிடுவான். சரியாக அந்த ரெண்டு வருஷம்தான் என்னிடம் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்து புடவையை மாற்றிக்கொண்டாள். "வா, போவோம்" என்றாள். மேட்டில் மூச்சு வாங்க வாங்க, கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆபீசில் என் மகன் வயசுப் பையன் ஒருவன் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். கையெழுத்துப் போட வந்தவர்கள் அஞ்சாறு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வழக்கம்போல வாசலில் நின்றுவிட்டேன். அம்மா நிற்கவில்லை. என் கையை விட்டுவிட்டு நேராக உள்ளே போய் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், இவளுக்கு இன்னும் ரெண்டு வயசு இருக்குங்க. கடதாசி எழுதையில நாந்தாங்க கூட்டிச் சொன்னேன்."

பையன் சிரித்தான். கெட்ட பையன் இல்லை. "பாட்டி, ரிட்டையர்மெண்ட் வந்துச்சுன்னா எல்லாருமே வயசக் கொறச்சுத்தான் சொல்றாங்க. சிஸ்டத்துல என்ன இருக்குதோ அதுதானுங்க பாட்டி."

பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான், "வாம்மா போவோம்" என்றேன். அம்மா காதில் வாங்கவே இல்லை. மேசையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"எம்மக மந்தம் இல்லங்க சார். அவ வயசுக்கு அவ சரியாத்தாங்க படிச்சா. வாய்ப்பாடெல்லாம் தடங்காமச் சொல்லுவாங்க. நான் கேட்டிருக்கேன். அவ மந்தம் இல்லங்க."

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. "சரிங்க பாட்டி. அவங்கள மந்தம்னு இப்ப யாரு சொன்னா?"

"நாந்தாங்க சொன்னேன்" என்றாள் அம்மா.

யாரும் சிரிக்கவில்லை. பையன் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். இந்த மாசக் கடைசிக்குள் காம்பராவைக் காலி பண்ண வேண்டும். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

வெளியே வந்தோம். அதே மேடுதான், ஃபாக்டரிக்குத் திரும்புகிற மேடு. ஃபாக்டரி மூடி வருஷமாகிறது. அம்மா மூச்சு வாங்க ஒரு கல்லில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி இருந்தது அந்த முகம்.

"சரியாச் சொன்னேனாடி?" என்று கேட்டாள்.

"சரிம்மா" என்றேன்.